ஸ்ட்ராங் வாட்டர் மாஸ்டர்

ஆங்கிலத்தை ஆங்கிலம் பேசுகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே கப்பலேறிய ஒரே தமிழர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஸ்ட்ராங் வாட்டர் மாஸ்டர்தான். எழுபதுகளில் ஆஸ்திரேலியாவில், மெல்பேர்னை ஒட்டிய டண்டினொங்கில் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். பித்தளைக் குழாய்களுக்கு முலாம் பூசும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவர் யாழ்ப்பாணத்தில் கெமிஸ்ட்ரி மாஸ்டராக இருந்தவர். நான் மதுரைக்காரன். அந்தத் தெருவில் தமிழ் பேச நாங்கள் இருவர்தான். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது.

அவரிடம் அட்டை கழன்ற பழைய அகராதி ஒன்று இருந்தது. அதில் செத்துப்போன சொற்களுக்கெல்லாம் உயிர் கொடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பஸ் டிரைவரிடம் ‘ப்ளீஸ்’ என்பதற்கு ராஜா காலத்துச் சொல்லைப் போட்டு, மரியாதையோடு “ப்ரிதீ, ஸ்டாப்” என்பார். அவன் மிரண்டுபோய் நிறுத்திவிடுவான், சில சமயம் ஸ்டாப் இல்லாத இடத்திலும்.

“ஐசே, அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்குச் சாராயமும் அசிட்டும் ஒண்டுதான். ரெண்டையும் காய்ச்சி வடிச்சுத்தானே எடுத்தவன்? ரெண்டுக்கும் ஸ்ட்ராங் வாட்டர் எண்டு ஒரே பேர்.”

“அப்புறம் என்ன ஆச்சு மாஸ்டர்?”

“சாராயம் பாருக்குப் போயிட்டுது, அசிட் லாப்புக்குப் போயிட்டுது. பேர் மட்டும் தனிய நிக்குது.” அகராதியை மூடி, “என்னைப் போல” என்றார்.

அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவரை அழைத்துக்கொள்ள, மாஸ்டருக்கு நிரந்தர வேலை என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அது கிடைக்கும்வரை மனைவிக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கிலச் சொல் பாடம். பதில் வந்திருக்கிறதா என்று தபால்பெட்டியை ஞாயிற்றுக்கிழமைகூடத் திறந்து பார்ப்பார்.

வினை அந்த ஸ்ட்ராங் வாட்டரால்தான் வந்தது. தொழிற்சாலையின் நைட்ரிக் ஆசிட் போத்தல்களில் எல்லாம் மாஸ்டர் அழகான கையெழுத்தில் ‘ஸ்ட்ராங் வாட்டர்’ என்று எழுதி வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் போர்மன் அதைப் பார்த்துவிட்டான். நம்ம ஆள் ஊர்ச் சரக்கை ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டி, கோப்பையில் ஊற்றி, எல்லோருக்கும் சியர்ஸ் சொல்லி, வாயருகே கொண்டு போனான். வீட்டுக்குக் கிளம்பியிருந்த மாஸ்டர் கைக்குடையால் அடித்த அடியில் கோப்பை பறந்தது. போர்மனின் பூட்ஸ் புகைந்தது.

முதலாளி கத்தினார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் மாஸ்டர் சொல்லின் வரலாற்றை ஆரம்பித்தார். முதலாளி மேசையிலிருந்த கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். கையெழுத்துப் போடத் தயாராக இருந்த கடிதம். “அந்தச் சொல் இன்னொரு முறை உன் வாயில் வந்தால் இது குப்பைக்குப் போகும்” என்றார்.

மாஸ்டர் ஈரத்துணி எடுத்து ஒவ்வொரு போத்தலாகத் துடைத்தார். ‘ஆசிட்’ என்று எழுதினார். அன்றிலிருந்து அவர் அகராதியைத் தொடவில்லை. பஸ்ஸில்கூட மணியை அடித்துத்தான் இறங்கினார்.

கடிதம் கிடைத்தது. எல்லாம் முடிந்து, ஒருநாள் மெல்பேர்ன் விமான நிலையத்தில் மாஸ்டரின் மனைவி, எனக்கு அக்கா, வந்து இறங்கினார். கடைசி ஆளாக வெளியே வந்தவரின் கையில் ஒரு போத்தல் ஓமத்தண்ணீர். நாங்கள் இரவல் வாங்கி வந்த காரில் ஏறியதும் சொன்னார்:

“இதென்ன எண்டு கஸ்டம்ஸ்காரன் கேட்டவன். காய்ச்சி வடிச்சதுதானே எண்டு, ‘ஸ்ட்ராங் வாட்டர், சேர்’ எண்டு சொன்னனான். மணந்து பார்த்துச் சிரிச்சுப்போட்டு விட்டுட்டான். நீங்கள் எழுதின சொல்லுத்தானே? சரியாச் சொன்னனானோ?”

மாஸ்டர் போத்தலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “ஓம். இன்னொருக்காச் சொல்லும்” என்றார்.

டண்டினொங் வரும்வரை அக்கா அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவரும் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று ‘ஓம்’ போட்டார்.

மாஸ்டர் இப்போது இல்லை. ஆசிட் பார்க்கக் கார் பேட்டரியைத் திறக்கும்போதெல்லாம், ஆளில்லாத கராஜில் “ஸ்ட்ராங் வாட்டர்” என்று சொல்லிப் பார்க்கிறேன். ‘ஓம்’ சொல்லத்தான் அவர் இல்லை.