பெரிய கேமராவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

ஐம்பத்து நாலாவது வயதில், ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வாங்கினால் பெரிய கேமராதான். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டி.எஸ்.எல்.ஆர். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சின்னக் கேமரா இந்த வீட்டுப் படியேறக் கூடாது. வாயில் நுரை இருந்ததால் முடிவை உரக்க அறிவிக்க முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் அறிவித்திருக்க மாட்டார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். இருபத்தேழு வருடமாக ஊரார் பார்வையைச் சீராக்கிக் கொடுத்தவர். தன் வீட்டில் நடப்பது மட்டும் அவர் கண்ணுக்கு ஒரு வாரம் தாமதமாகத்தான் தெரியும்.

கேமரா பேச்சை ஆரம்பித்தவள் மனைவி. திரைச்சீலை தைப்பது அவள் தொழில். முன்னறையில் தையல் மிஷின். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. கைப்பேசி பேசுவதற்கு மட்டுமே பயன்பட்ட காலம் அது. தைத்த திரைகளைப் படம் பிடித்து ஒரு ஆல்பமாக வைத்திருந்தால் வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்றாள்.

"சின்னதா ஒண்ணு போதுங்க. என் கைப்பைக்குள்ள அடங்கணும்."

"சின்னதுல என்ன தெரியும்?"

"திரை தெரியும்."

"துல்லியமாத் தெரியாதே."

"ஜன்னலை மூடத்தானே திரை. அதுக்கு எதுக்குத் துல்லியம்?"

அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது வெளியே சொல்லக்கூடிய பதில் இல்லை.

அந்தப் பதிலின் பெயர் ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த தெருவில் மனைவியின் அண்ணன் குடியிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் காலை ஒன்பது மணிக்குத் தன் மனைவியோடு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்து போவார். நடுவில் பேசுவார். எந்தக் கட்டடத்தில், எந்த வருடம், எந்த இரண்டு மாடிகளுக்கு நடுவே, எத்தனை பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள், அவர்களை அவர் எப்படி வெளியே கொண்டுவந்தார். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என்றைக்கோ வெளியே வந்து, பிள்ளை குட்டி பெற்று, பேரன் பேத்தியும் கண்டுவிட்டார்கள். பதினொரு வருடமாக அந்தக் கதைகளைக் கேட்டபடி உள்ளேயே மாட்டிக்கொண்டிருப்பவர் இவர் ஒருவர்தான். 'ம்' கொட்டுவதை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தினால், புரியவில்லை போலிருக்கிறது என்று மச்சான் தரைத்தளத்திலிருந்து மறுபடி தொடங்குவார்.

வாரத்தில் ஆறு நாள் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சல். ஏழாவது நாள் மச்சான். தன் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று தானே கேட்டுப் பல வருடமாகிவிட்டது அவருக்கு.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டுப் பல் வைத்தியர் வாயைத் திறந்தார். ஏரிக்கரையில் மணிக்கணக்காக அசையாமல் நின்று பறவைகளைப் படம் எடுப்பதால் தெருவில் அவருக்குக் கொக்கு டாக்டர் என்று பெயர். நல்ல மனிதர். பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர் என்பதால் தன் வாயை அதிகம் திறக்க மாட்டார்.

"ஞாயிறு காலை அஞ்சரைக்குக் கிளம்புவோம். பொழுது சாயத் திரும்புவோம். எங்க ஒளிப்பட வட்டத்துல பன்னெண்டு பேர்."

"அங்கே போய் என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"பறவையைப் படம் எடுப்போம்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். பேச்சுக் கிடையாது. பேசினாப் பறவை பறந்துடும். ஆறாவது விதி."

அவர் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நாள் முழுக்கவா பேச மாட்டீங்க?"

"போன மாசம் ஒருத்தர் தும்மினார். மூணு வாரம் தள்ளி வச்சுட்டோம்."

"என்னைச் சேர்த்துக்குவீங்களா?"

"லென்ஸைக் கழற்றி மாட்டற கேமரா இருந்தாச் சேரலாம். சட்டைப்பைக் கேமராவைச் சேர்த்துக்கறதில்லை. ரெண்டாவது விதி." டாக்டர் உள்ளே போய் ஒரு படிவம் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் அதைப் படித்தார். ஆறாவது விதி வந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். 'வட்டத்தினர் எக்காரணம் கொண்டும் பேசக் கூடாது.' இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன படிக்க வேண்டியிருக்கிறது? படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் அது இதயத்துக்கு மேல் லேசாகக் கரகரத்துக்கொண்டே இருந்தது.

ஆக, மனைவியே தன் வாயால் பெரிய கேமரா கேட்க வேண்டும். அதற்கு ஒரு சூழ்ச்சி செய்தார். கடையில் கல்லாவில் உட்காரும் பெண்ணிடம் சின்னக் கேமராவை இரவல் வாங்கினார். டாக்டரிடம் பெரியதை இரவல் வாங்கினார். ஒரே திரை, ஒரே ஜன்னல், ஒரே வெயில். சின்னதில் எடுக்கும்போது மட்டும், ஆண்டவன் மன்னிக்கட்டும், வேண்டுமென்றே கையை ஆட்டினார். இரண்டையும் பெரிய அளவில் அச்சடித்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

மனைவி மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இது எது?"

"சின்னக் கேமரா. பாரு, ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி."

"அழகா இருக்கே. எப்படி வழிஞ்சு விழுது."

"அது மங்கல்."

"மங்கலோ என்னவோ. நான் தைச்சது இவ்வளவு மெத்துனு இருந்து பார்த்ததே இல்லை. அது எது?"

"பெரிசு. இழை இழையா எண்ணலாம்."

அவள் எண்ணினாள். "மூணாவது மடிப்புல தையல் கோணல்."

"அது இயற்கையா இருக்கறது…"

"ஓரத்துல மிஷின் எண்ணெய்க் கறை."

"ரொம்பச் சின்னக் கறைம்மா."

"இந்தப் படத்துல கைக்குட்டை அளவு இருக்கு. இதைப் பார்த்துட்டு எவ எனக்குத் தைக்கக் கொடுப்பா? குறை கண்டுபிடிக்க வீட்டுல நீங்க இருக்கீங்க. அதுக்குத் துணைக்கு ஒரு கேமராவா?"

அதோடு விட்டாளா? கழுத்திலிருந்த நாடாவை எடுத்தாள். டாக்டரின் கேமராப் பையை நீளம், அகலம், உயரம் என்று அளந்தாள். பிறகு அலமாரித் தட்டை அளந்தாள். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, அவருடைய தோளையும் அளந்தாள்.

"அலமாரியில அடங்காது. உங்க தோள்லயும் நிக்காது. சரிஞ்ச தோள்."

இருபத்தொன்பது வருடத்தில் அந்தத் தோள் எப்படிச் சரிந்தது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கேமராக்களையும் உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்தபோது தெரு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

அந்த ஞாயிறும் மச்சான் ஒன்பது மணிக்கு வந்தார். "மாப்பிள்ளை, ஒரு கண் ஆஸ்பத்திரி லிஃப்ட் சொன்னேனா உங்களுக்கு?"

"சொன்னீங்க மச்சான்."

"முழுசாச் சொல்லியிருக்க மாட்டேன்."

முழுதாகச் சொன்னார். உள்ளே சமையலறையில் மனைவியும் அவள் அண்ணியும் காலையிலிருந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தி பலகையில் படும் சத்தம் நிற்கவேயில்லை. வெளியே ஒரு குருவி ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்தது. மச்சான் நான்காம் மாடியை அடைந்தபோது அது பறந்துபோயிற்று. அதற்கு இருந்த வசதி அது. அவர் குருவி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு 'ம்' என்றார். சாகும்வரை இப்படித்தான் என்று ஒரு குரல் அவருக்குள் சொன்னது. நிதானமான, துல்லியமான குரல்.

திங்கட்கிழமை, மனைவி துவைத்துத் தேய்த்துக் கொடுத்த சட்டையை மாட்டினார். பையில் படிவம் இருந்தது. அதுவும் மடிப்பெல்லாம் நீங்கி, தேய்த்து வைத்தாற்போல் நேராக இருந்தது. சட்டையோடு சேர்ந்து சூடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவர் பார்வை அப்படி.

புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி சொன்னாள்: "யோசிச்சுப் பார்த்தேங்க. பெரிசே வாங்கிடுவோம்."

கவளம் பாதி வழியில் நின்றது. "எதை?"

"கேமராவைத்தான். பாவம், உங்களுக்குன்னு ஒரு ஆசை இருக்கக் கூடாதா?"

"கோணல் தெரியும்னு சொன்னியே?"

"கோணலாத் தைக்காம இருந்துட்டாப் போச்சு."

"அலமாரியில அடங்காதுன்னு…"

"கட்டிலுக்கடியில அடங்கும். அளந்துட்டேன்."

"தோள்?"

"அதுக்கும் ஏற்பாடு இருக்கு. சாப்பிடுங்க, ஆறுது."

அவருக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவளிடமா கையை ஆட்டி ஏமாற்றப் பார்த்தோம் என்று உறுத்தியது. அந்த உறுத்தலில் இன்னொரு கரண்டி சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை கேமராக் கடைக்குப் போனார்கள். மனைவி பெரியதை வாங்கினாள். பையும் கேமராவை நிறுத்தும் முக்காலியும் சேர்த்து வாங்கினாள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் விரலை நீட்டி, "அந்தச் சின்னதையும் எடுங்க" என்றாள்.

"ரெண்டுமா?" என்றார் அவர்.

"உங்களுக்கு அது. எனக்கு இது. எதுக்குச் சண்டை?"

அவள் சின்னதைக் கைப்பையில் போட்டு மூடினாள். அடங்கியது. இரண்டுக்கும் பணம் எப்படிப் போதியது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றினார், மாட்டினார். மறுபடி கழற்றினார். அது திருகி உட்கார்ந்ததும் கேட்ட அந்தச் சிறிய 'டக்' சத்தத்தில் ஏரி தெரிந்தது. விடியல் தெரிந்தது. ஒரு நாள் நீளத்துக்கு யாரும் பேசாத பெருவெளி தெரிந்தது.

சனிக்கிழமை மனைவியே அலாரம் வைத்தாள். ஞாயிறு ஐந்து மணிக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். பொட்டலம் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. தன்மேல் உள்ள அன்பின் கனம் என்று எடுத்துக்கொண்டார்.

"மச்சான் வந்தா என்ன சொல்லுவே?" என்று செருப்பை மாட்டியபடி கேட்டார். குரலில் கொஞ்சம் வருத்தத்தைக் கலந்துகொண்டார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே சொல்லிக்குங்க."

கதவைத் திறந்தார். வாசலில் தொப்பி, முழங்கால்வரை காலணி, கழுத்தில் ஒரு துண்டு. அத்தனைக்கும் நடுவே மச்சான்.

"பையைக் கொடுங்க மாப்பிள்ளை. உங்க தோள்ல நிக்காதாமே, தங்கச்சி சொன்னா. போகும்போது நான் தூக்கறேன், வரும்போது நீங்க."

"நீங்க எங்கே மச்சான்?"

"ஏரிக்குத்தான். கேமராவுல பாதி நான் போட்டதாச்சே."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விதி ஒன்பது," என்றாள். "ஒரே குடும்பத்துல ரெண்டு பேர் ஒரு கேமராவோட சேரலாம். படிக்கலையா நீங்க? டாக்டர்கிட்ட அண்ணன் பேரையும் கொடுத்துட்டேன்."

"அங்கே பேசக் கூடாது," என்றார் அவர். அதுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம். "மச்சான், அங்கே பேசவே கூடாது."

"தெரியும் மாப்பிள்ளை, படிச்சேன். அதனால என்ன, பக்கத்துல பக்கத்துலதானே உட்காரப்போறோம். காதுக்குள்ள சொல்றேன்."

அப்போது மச்சானின் முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணி வந்தாள். ஒரு கையில் வாரப் பத்திரிகை. இன்னொரு கையில், சொந்த உறை போட்ட ஒரு தலையணை. யாரையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், நேராக முன்னறைக்குள் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

"பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்ததில்லைங்க," என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல். "நீங்க ஒரு நாள் ஓடப் பார்த்தீங்க. தப்பில்லை. போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போங்கன்னுதான்."

முதல் தடவையாக அந்த வீடு இத்தனை அமைதியாக இருந்து பார்த்தார். உள்ளே மின்விசிறி சுற்றுவது கேட்டது. அண்ணி பத்திரிகையில் பக்கம் திருப்புவது கேட்டது. அவர் இருபத்தேழு வருடமாகத் தேடிய சத்தம் அதுதான். அது வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மச்சான் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க மாப்பிள்ளை, நடந்துக்கிட்டே பேசலாம். ஒரு சரக்கு லிஃப்ட் இருந்துச்சு…"

நாலு அடி வைத்திருப்பார்கள். பின்னால், "அப்படியே ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி. கைப்பையிலிருந்து சின்னக் கேமராவை எடுத்திருந்தாள். இவ்வளவு நடந்த பிறகும், தன் பிரிவை ஒரு படமாகவாவது வைத்துக்கொள்ளத் தோன்றியதே என்று அவர் உருகினார். தலையைக் கோதிக்கொண்டு, இருந்ததில் நல்ல சிரிப்பு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"திரும்பாதீங்க," என்றாள் அவள். "எனக்கு முதுகுதான் வேணும்."