இரண்டாவது அண்டா பிரியாணி

"இந்த ஊர்ல இருக்குற பிரியாணிக் கடை எல்லாம் எனக்கு அத்துப்படி சார்! நீங்க வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்த பிறகுதான் ஸ்டோர் கீப்பருக்கு உறைத்தது. அவருக்கு ஒரு கடையும் தெரியாது.

பதினோரு வருடமாக அந்த போல்ட்-நட்டுக் கம்பெனியின் கிடங்கில் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மாலை ஆறுக்குத்தான் எழுந்திருப்பார். மத்தியானம் மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவை, வாஷர் தட்டை ஒதுக்கிவிட்டு அதே மேஜையில் முடித்துக்கொள்வார். வெளியே என்ன கடை இருக்கிறது என்று கேட்டால் எதிரே பஞ்சர் கடை இருக்கிறது என்பார். அதை மூடி மூன்று வருடம் ஆகிறது.

போனில் கேட்டவர் தலைமை அலுவலகத்துப் பெரிய மேனேஜர். வெள்ளிக்கிழமை வருகிறார். கிடங்கில் இருக்கும் இரண்டு ஸ்டோர் கீப்பர்களில் ஒருவரை, ரயிலில் பதினெட்டு மணி நேரம் போகவேண்டிய கிளைக்குத் தூக்கி அடிக்கப்போகிறார். இவர் போக மற்றொரு ஸ்டோர் கீப்பரைக் கம்பெனி முழுக்கத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடும். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

"ஆறு வருஷம் அலைஞ்சு இப்பத்தான் எனக்கு இங்க ஒரு வேலை கிடைச்சிருக்கு" என்றாள் மனைவி. "மாத்தல் வந்தா நீங்க அங்க, நானும் பாப்பாவும் இங்க. சொல்லிட்டேன்."

பாப்பாவை விட்டு ஒரு நாள்கூட இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

"பிரியாணியை வச்சே அந்த மனுஷனை மடக்குறேனா இல்லையா பாரு" என்றார்.

திங்கட்கிழமை காலை பேக்கிங் பிரிவில் போய், "நல்ல பிரியாணி எங்கப்பா கிடைக்கும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பாலத்தடிக் கடை. கண்ணை மூடிக்கிட்டுப் போலாம்" என்றார் லாரி டிரைவர்.

"கண்ணைத் திறந்து பாத்தா யாரும் போகமாட்டாங்க" என்றாள் டைப்பிஸ்ட். "பிரியாணின்னா மார்க்கெட் பின்னாடிதான்."

"எங்க கடையைப் பத்தி நீ பேசாதம்மா."

"உங்க கடையா? மாவு பிசைஞ்சு கொடுத்தீங்களோ?"

"பிரியாணிக்கு எதுக்கு மாவு?"

"அண்டா மூடியை ஒட்ட! இதுகூடத் தெரியல, பேச வந்துட்டாரு!"

பேக்கிங் பிரிவு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கால் மணி நேரம் ஒரு பெட்டிகூட நகரவில்லை. சத்தம் கேட்டு வந்த சூப்பர்வைசர், "ரெண்டு கடையும் தண்டம். ஆஸ்பத்திரி எதிர்ல போங்க" என்று மூன்றாவது கட்சி தொடங்கிவிட்டுப் போனார்.

இனி நாக்கை மட்டுமே நம்புவது என்று ஸ்டோர் கீப்பர் முடிவு செய்தார். அன்று மத்தியானம் ஒரு மணிக்குப் பாலத்தடியில் நின்றார்.

"ஒரு மணிக்கு வந்து பிரியாணி கேக்குறீங்களே, ஊருக்குப் புதுசா?" என்று கடைக்காரர் அண்டாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு மார்க்கெட் பின்னால் போனார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற அம்மாள் பத்துப் பொட்டலம் கேட்டாள். அவர் முறை வந்தபோது ஒரு வெங்காயத் துண்டு மிச்சமிருந்தது.

புதன்கிழமை பத்தரைக்கே கிடங்கைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரி எதிரில் ஒரு பிளேட். ஒப்பிட்டுப் பார்க்கவேண்டாமா? பாலத்தடியில் இன்னொன்று. மூச்சு வாங்க மூன்று மணிக்குத் திரும்பினால், அசெம்பிளி ஆட்கள் எட்டுப் பேர் போல்ட்டுக்காகக் கதவுமுன் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்து தூங்குமூஞ்சியின் குரல் கேட்டது.

"யாருப்பா வெளிய பூட்டினது?"

அதனால் வியாழக்கிழமை சாவியைத் தூங்குமூஞ்சியிடமே கொடுத்துவிட்டுப் போனார். தூங்குமூஞ்சி அரைக்கண்ணில், அரை அங்குல போல்ட் கேட்டவர்களுக்கு முக்கால் அங்குலத்தை அள்ளிக்கொடுத்து, ஒரு லாரி முழுக்க ஏற்றி அனுப்பிவிட்டார்.

சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஸ்டோர் கீப்பர் காதில் விழவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டார்! மார்க்கெட் பின்னால் இருக்கும் கடைதான். அதிலும் முதல் அண்டா இல்லை. பதினொன்றே முக்காலுக்குத் திறக்கும் இரண்டாவது அண்டா. இரண்டையும் தின்று பார்த்துவிட்டு, மறுநாளைக்கும் அதே மேஜையைச் சொல்லி வைத்துவிட்டு வந்திருந்தார்.

"நாலு நாளா டப்பா கொடுத்தபடியே திரும்பி வருது" என்றாள் மனைவி. "என் சாப்பாட்டுல என்ன குறை?"

"நம்ம குடும்பத்துக்காகத்தான் வெளிய சாப்பிடுறேன்" என்றார். மறுநாள் அவள் டப்பாவே கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய மேனேஜர் வந்தார். நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல சிரிப்பு. முதலில் தூங்குமூஞ்சியின் மேஜைக்குப் போனார்.

"ஏம்ப்பா, இங்க நல்ல பிரியாணி எங்க கிடைக்கும்?"

தூங்குமூஞ்சி கொட்டாவியை முடித்துக்கொண்டு, "எனக்கென்ன சார் தெரியும்?" என்றார்.

ஒழிந்தான் என்று ஸ்டோர் கீப்பர் உள்ளுக்குள் துள்ளினார்.

காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "லெஃப்ட், அந்தச் சந்து, தையல் கடை தாண்டி ரைட்" என்று வழி சொன்னார். பின்சீட்டில் பெரிய மேனேஜர் அசந்துபோனார். கடைவாசலில் சப்ளையர், "வாங்க சார்! உங்க இடத்தை யாருக்கும் கொடுக்கல" என்றார். ஸ்டோர் கீப்பருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"உட்காருங்க சார். இப்ப வேண்டாம், முதல் அண்டா ஓடுது. இன்னும் ஏழு நிமிஷம்."

பெரிய மேனேஜர் மூன்று பிளேட் சாப்பிட்டார். முதல் பிளேட்டில் தலை நிமிரவேயில்லை. இரண்டாவதில், "அபாரம்" என்றார். மூன்றாவதில் ஸ்டோர் கீப்பரின் தோளில் இடது கையை வைத்தார்.

"இவ்வளவு துல்லியமா எப்படித் தெரிஞ்சு வச்சிருக்கீங்க?"

நாலு நாள் பழக்கம் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? "பதினோரு வருஷ அனுபவம் சார்! நம்ம ஆபீஸ்ல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"பேஷ்! உங்களை நான் மறக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெரிய மேனேஜர் கைகழுவப் போனார்.

ஸ்டோர் கீப்பர் வெளியே ஓடிவந்து மனைவிக்குப் போன் போட்டார். "முடிச்சிட்டேன்! என்னை மறக்கவே மாட்டேன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. பாப்பாகிட்ட சொல்லு, அப்பா எங்கயும் போகலைன்னு!"

போனை வைத்தபோது கண் கலங்கியிருந்தது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம், "மாத்தல் அந்தத் தூங்குமூஞ்சிக்குத்தானேங்க?" என்று கேட்டார்.

டிரைவர் துணியை உதறிவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஐயா எல்லா ஊர்லயும் இதே கேள்வியைத்தான் சார் கேப்பாரு, ஆபீஸ் நேரத்துல ஊர் சுத்துறவனுக்குத்தான் பதில் தெரியுமாம், தெரியாதுன்னு சொல்றவங்களை மட்டும் அவர் மாத்தினதே இல்ல."