காய்ந்த இலையோடு கரை தாண்டிய வஞ்சிக்கொடி

ஒரு காட்டில் என்று தொடங்கினால் எந்தக் காடு, எந்தக் கரை, எத்தனை வருஷமாக வசிக்கிறீர்கள் என்று கேட்கிற காலம் இது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கதையையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முறைப்படி சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கு வடக்கே வடகரைக் காடு, தெற்கே தென்கரைக் காடு. நம் கதாநாயகி பிறந்தது தெற்கே, பிழைப்பது வடக்கே. பெயர் வஞ்சிக்கொடி. இனம் முள்ளம்பன்றி. முள்ளம்பன்றிக்கு அந்தப் பெயரை வைத்த அவள் அப்பாவின் தைரியத்தை நான் மெச்சுகிறேன்.

வஞ்சிக்கொடி வடகரைக்குப் போனது கல்யாணம் பண்ணிக்கொண்டு. மாப்பிள்ளை தில்லைநாயகம், வடகரையிலேயே பிறந்து வளர்ந்த முள்ளம்பன்றி. வடகரைக்காரரைக் கட்டிக்கொண்டு வருகிற வெளியூர்ப் பிராணிக்கு அங்கே ஒரு பச்சை இலை கொடுப்பார்கள். வாசலில் அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். ஆனால் அது நிபந்தனை இலை. இரண்டு மழைக்காலம் தாங்கும், பிறகு காய்ந்துவிடும். காய்வதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், ஒரே மனுவில் இரண்டு பேருடைய கால்தடத்தையும் பதித்து, ‘நாங்கள் இன்னும் குடும்பம்தான் நடத்துகிறோம்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் காயாத பனையோலை ஒன்று கிடைக்கும். அதன் பிறகு ஆயுசுக்கும் கவலையில்லை.

அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு மழைக்காலம் தாங்குவார்களா என்று சட்டம் போட்டவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

தில்லைநாயகம் கெட்டவன் இல்லை. தூக்கத்தில் முள்ளைச் சிலிர்த்துக்கொள்வான், அவ்வளவுதான். ஒரே வளைக்குள் படுத்திருக்கும் இன்னொரு பிராணிக்கு அது அவ்வளவுதான் என்று முடிகிற விஷயமா? காலையில் எழுந்து, “குத்திடுச்சா?” என்று கேட்பான். கேட்பானே தவிர மறுநாளும் குத்துவான். அவளும் சும்மா இருக்கவில்லை. முள் தேவைப்படாமல் வாயாலேயே குத்தினாள். ஒன்றரை வருஷத்தில் விவாகரத்து ஆகிவிட்டது.

வஞ்சிக்கொடி அழுதாள். பிறகு தனக்கென்று ஒரு வளை தோண்டினாள், கிழங்கு மண்டியில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். ஒற்றைக் கால்தடத்தோடு மனுப் போடவும் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ‘கல்யாணம் முறிந்தது வாஸ்தவம், ஆனால் முறியும் வரை அது நிஜக் கல்யாணம்தான்’ என்று நிரூபித்தால் போதும். போட்டாள். ஏழு மாதம் கழித்து ஓர் ஆமை பதில் கொண்டுவந்தது. ‘மனு பரிசீலனையில் உள்ளது. அதுவரை இவரது காய்ந்த இலையைப் பச்சை இலையாகப் பாவிக்கவும்.’ காய்ந்ததைப் பச்சை என்று எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிற அரசாங்கத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இந்தச் சமயத்தில்தான் தென்கரையில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. போகாதே என்று மண்டியில் எல்லோரும் சொன்னார்கள். போவது சுலபம், திரும்பி வரும்போது வாசலில் நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்றார்கள். ஒரே தங்கை. வஞ்சிக்கொடி கடிதத்தையும் காய்ந்த இலையையும் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அங்கே இன்னொரு சிக்கல். விவாகரத்தான விஷயத்தை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. தங்கை கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

“மாப்பிள்ளை எங்கடி?” என்று அம்மா கேட்டாள்.

“லீவு கிடைக்கலம்மா.”

பாவம், அம்மா நம்பிவிட்டாள். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை எதிர்பார்க்கும்’ என்பதற்குக் கீழே முதல் பெயரே தில்லைநாயகம் – வஞ்சிக்கொடி என்றுதான் இருந்தது. கிளம்பும் நாளில் ஓர் அட்டைப்பெட்டி தயாராக இருந்தது. உள்ளே மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டி, ஒரு கட்டுப் பனங்கிழங்கு, மேலே ஒரு பத்திரிகை. பெட்டியைச் சுற்றிக் கயிறு. நான்கு பக்கமும் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில், ‘மாப்பிள்ளை திரு. தில்லைநாயகம் அவர்கள்’ என்ற பெயர், விலாசம், செல்போன் நம்பர். நம் ஊரில் பெட்டி கட்டினால் இப்படித்தான் கட்டுவார்கள். அந்தப் பெயரை அடித்துவிட வஞ்சிக்கொடிக்கு மனசு வரவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு பரிசல் ஏறினாள்.

வடகரை வாசலில் நீண்ட வரிசை. அதிகாரி ஓர் உடும்பு. பிடித்தால் விடமாட்டார், அது அவர் இனத்துக் குணம். மேஜைமேல் இரண்டு முத்திரை வைத்திருந்தார். பச்சை விழுந்தால் உள்ளே, சிவப்பு விழுந்தால் மத்தியானப் பரிசலில் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வஞ்சிக்கொடிக்கு முன்னால் ஒரு முயல் தம்பதி. அந்தப் பெண்முயலிடமும் நிபந்தனை இலைதான். கையைக் கோத்துக்கொண்டு, மூன்று ஆல்பத்தோடு நின்றார்கள். உடும்பு இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? அருகம்புல் என்றது ஒன்று, அருகம்புல் என்றது மற்றொன்று. யாருக்குக் குறட்டை? யாருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. கடைசியாக எப்போது சண்டை போட்டீர்கள்? போட்டதே இல்லை, போட்டதே இல்லை.

“இவ்வளவு ஒத்துப்போகுதுன்னா நல்லா ஒத்திகை பார்த்திருக்கீங்க,” என்றார் உடும்பு. “அந்த பெஞ்சுல உட்காருங்க.”

அடுத்து வஞ்சிக்கொடி. கடிதத்தைப் படித்தார், காய்ந்த இலையை முகர்ந்தார், தலையாட்டினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தார். நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். கயிற்றை அவிழ்த்துப் பத்திரிகையை எடுத்து வாசித்தார்.

“மனுவுல விவாகரத்துன்னு இருக்கு. பெட்டியில மாப்பிள்ளைன்னு இருக்கு. பத்திரிகையில ரெண்டு பேரும் வாங்க வாங்கன்னு கூப்பிடுறீங்க. ஒண்ணு கல்யாணம் பொய்யா இருக்கணும், இல்ல விவாகரத்து பொய்யா இருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்குச் சாப்பாட்டு நேரம்.”

“ரெண்டும் நிஜம்தாங்க ஐயா. அம்மாகிட்ட சொன்னதுதான் பொய்.”

“பெத்த தாய்கிட்டயே பொய் சொன்னவங்க எங்கிட்ட உண்மை சொல்வீங்களா?”

தானே தோண்டிய பத்தொன்பது அடி வளையும், மண்டி வேலையும், அங்கே சேர்த்துவைத்த தோழிகளும் அந்தச் சிவப்பு முத்திரைக்கு அந்தப் பக்கம் போய்விடும்போல இருந்தது. உடும்பு அதற்குள் பெட்டியிலிருந்த நம்பரைப் பார்த்து செல்போனில் அழுத்தியிருந்தார்.

தில்லைநாயகம் அரைமணி நேரத்தில் ஓடிவந்துவிட்டான். முள்கூட வாரவில்லை. மாஜி மனைவிக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம் அவனுக்கு நிறைய இருந்தது. அதனால் மிகவும் பணிவாகப் பேசினான். “வணக்கம். பயணம் சௌகரியமா இருந்ததா?” என்றான். அவளும் பயந்துபோய், “ரொம்ப சௌகரியம். உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன், மன்னிக்கணும்,” என்றாள்.

உடும்பின் கை சிவப்பு முத்திரைப் பக்கம் போயிற்று. “இவ்வளவு மரியாதையாப் பேசுறீங்களே. ஒரே வளையில குடும்பம் நடத்தினவங்க மாதிரியே இல்லையே.”

அப்போதுதான் தில்லைநாயகம் பெட்டிக்குள் எட்டிப்பார்த்தான்.

“பனங்கிழங்கா? எனக்குப் பனங்கிழங்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“ஆகாதா? தலைப் பொங்கலுக்கு வந்து பதினாறு கிழங்கு தின்னது யாரு?”

“உங்கம்மா தட்டுல வச்சுக்கிட்டே இருந்தாங்க. வேணாம்னு சொல்ல வந்தேன், நீ முறைச்சே.”

“நான் எங்க முறைச்சேன்? நான் எப்பவும் இப்படித்தான் பார்ப்பேன்.”

“அதைத்தான் ஒன்றரை வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

வரிசையில் நின்றவர்கள் செல்போனைப் பையில் போட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். வஞ்சிக்கொடி பையைக் கீழே வைத்தாள். பையைக் கீழே வைத்துவிட்டால் அவள் லேசில் முடிக்க மாட்டாள் என்று தில்லைநாயகத்துக்குத் தெரியும்.

“பதினாறையும் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டீங்களே, அன்னிக்குப் பூராவும் முதுகைத் தடவிவிட்டது யாரு? இதோ பாருங்க ஐயா, இந்த உள்ளங்கையை. மூணு தழும்பு. மூணும் இவரு முதுகு முள்ளு குத்தினது.”

“என் தோளைப் பாருங்க ஐயா. தடவுறப்போ அவ முள்ளு என்னைக் குத்தலையா? நான் அதை யாருகிட்டயாவது சொன்னேனா?”

“சொன்னீங்க. உங்க அக்காகிட்ட சொன்னீங்க.”

“அக்காகிட்ட சொன்னா அது சொன்ன கணக்கா?”

ஒரு நீலகிரிக் குரங்கு மாப்பிள்ளை பக்கம் பேசியது. இரண்டு காட்டுக்கோழிகள் பெண் பக்கம் பேசின. அக்காவை இழுத்தது தப்புதான் என்று பின்வரிசையில் ஒரு மிளா மான் தீர்ப்பே சொல்லிவிட்டது. உடும்பு மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வாய்பிளந்து கேட்டார்.

“ஏங்க, இப்ப நான் ஒரு வார்த்தை பேசலாமா?” என்றாள் வஞ்சிக்கொடி, தில்லைநாயகத்தைப் பார்த்து.

உடும்பு நிமிர்ந்தார். “விவாகரத்து ஆனவரை ‘ஏங்க’ன்னா கூப்பிடுறீங்க?”

“பின்ன எப்படிங்க ஐயா கூப்பிடுறது? பேரைச் சொல்லியா?” என்றாள் அவள். அதைக் கேட்டதே தப்பு என்பதுபோல் தில்லைநாயகமும் உடும்பை முறைத்தான். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி.

பச்சை முத்திரை மேஜை அதிர விழுந்தது. கடிதத்தின் ஓரத்தில் உடும்பு தன் கையாலேயே எழுதினார்: ‘கல்யாணம் நிஜம். விவாகரத்து அதைவிட நிஜம்.’ எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க வீட்டுலயும் இதே பனங்கிழங்குப் பேச்சுதான்மா,” என்றார்.

பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா? குடும்பம்னா இப்படி இருக்கணும்,” என்றார். ஆண்முயல் யோசித்தது. “போடணும்னு சொன்னா நாங்களும் சண்டை போடுறோங்க ஐயா.” பெண்முயல் உடனே, “அவர் சொன்னாச் சரிதான்,” என்றது. உடும்பு பெருமூச்சோடு சிவப்பு முத்திரையை எடுத்தார். பாவம், மூன்று ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு அவை மத்தியானப் பரிசலுக்கு நடந்தன. போகும்போதும் கையைக் கோத்துக்கொண்டுதான் போயின.

வஞ்சிக்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. எத்தனையோ மாதமாக யாரும் தன்னோடு இப்படி மனசுவிட்டுச் சண்டை போடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். தில்லைநாயகமும் சிரித்தான். “ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?” என்றான்.

“என்ன, சேர்ந்துட்டீங்களா?” முத்திரை குத்திய கடிதத்தை நோக்கி உடும்பின் கை நீண்டது. “சேர்ந்துட்டா ஒத்தைக் கால்தட மனு செல்லாது. மொதல்லேருந்து போடணும்.”

இருவரும் ஆளுக்கு நாலடி தள்ளிக் குதித்தார்கள்.

“உங்க மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல,” என்றாள் அவள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

“எனக்கு மட்டும் ஆசையா? பெட்டியை நான் தூக்கிக்கிட்டு வர்றேன். ஆனா ஐயா, நல்லாக் குறிச்சுக்குங்க, கோபமாத்தான் தூக்குறேன்.”

அவள் முன்னால் போனாள். பத்தடி இடைவெளி விட்டு, கோபமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனான். வாசலைத் தாண்டி, வளைவில் திரும்பி, உடும்பின் கண்ணுக்கு மறைந்த பிறகு அவர்கள் டீ குடித்தார்களா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

நீதி: சந்தோஷமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், வெளிநாடு கிளம்புவதற்கு முன் நாலு பேர் காதில் விழும்படி ஒரு சண்டையாவது போட்டு வைத்துவிட்டுக் கிளம்பவும். மனசாட்சிக்குத் தெரியும் என்று இருந்துவிட வேண்டாம். மனசாட்சியிடம் முத்திரை கிடையாது.