ஞாயிற்றுக்கிழமை திட்டு கிடையாது

நாற்பத்திரண்டு வயதில், மகள்கள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து மூக்கு ஒழுக ஒழுக அழுதவன் நான். இதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். கீரனூர் பக்கம் வந்து என் மோட்டார் வைண்டிங் கடைக்கு வழி கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு வெட்கமில்லை. (அன்றைக்கு இருந்தது. மூன்று நாள் கடையே திறக்கவில்லை.)

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் கயல், ஏழாம் வகுப்பு. சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தாலும் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வருவாளே தவிர அழ மாட்டாள். சின்னவள் மித்ரா, மூன்றாம் வகுப்பு. டிவியில் யாராவது யாரையாவது முறைத்தாலே போதும், கண் நிரம்பிவிடும். அவள் ஸ்ட்ராங், இவள் தொட்டாச்சிணுங்கி என்று இருவருக்கும் முத்திரை குத்தி வைத்திருந்தோம். குத்தியதில் பெரும்பங்கு எனக்கு.

பெற்றோர் கூட்டத்தில் மித்ராவின் வகுப்பு மிஸ், "சார், நான் அடுத்த பெஞ்சத் திட்டுனாலும் ஒங்க பொண்ணு அழுவுது. கொஞ்சம் ஸ்ட்ராங்காக்கி அனுப்புங்க" என்றார். அதற்குள் மித்ராவுக்கு வேன் வரும் நேரம் பார்த்து வயிற்றுவலி வர ஆரம்பித்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் லீவு. இப்படியே போனால் பிள்ளை பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். பயந்தவன் மிஸ்ஸிடம் பேசியிருக்கலாம், மித்ராவிடமே பேசியிருக்கலாம். நான் டைம்டேபிள் போட்டேன்.

தினமும் காலை ஏழரை மணிக்கு, வாசலில் வேனுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடம், மித்ராவை நான் திட்டுவேன். பொய்யாகத்தான். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால் பள்ளியில் மிஸ் திட்டுவது உறைக்காது அல்லவா? (இதைக் கண்டுபிடித்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு டீ குடித்தேன்.) என் மனைவி செல்வி, "என்னங்க, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒங்களுக்கு?" என்றாள். பெரிய கண்டுபிடிப்புகளை ஆரம்பத்தில் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை என்று விட்டுவிட்டேன்.

"ரெடியா பாப்பா? அப்பா திட்டப் போறேன்."

"ம்."

"என்னா தல சீவிருக்க? காக்காக் கூடு மாதிரி!"

"நீங்கதானப்பா சீவி விட்டீங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நான்கே நாளில் எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. ஒரு தப்பும் செய்யாத பிள்ளையைத் தினமும் திட்டுவது சுலபமான வேலை இல்லை. கயல்தான் கைகொடுத்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடமடவென்று இருபது எழுதித் தந்தாள். 'எரும மாடு, எத்தன தடவ சொல்றது', 'ஒனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு', 'மூஞ்சியப் பாரு'. எல்லாமே முதல் தரம்.

"எங்கிட்டுடி புடிச்ச இத்தனையும்?" என்றேன்.

"நீங்க என்னயத் திட்டுனதுதாம்ப்பா" என்றாள்.

நான் சிரித்தேன். என் அறிவு அப்போது அந்த அளவில்தான் இருந்தது.

இரண்டாவது வாரம், வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். மித்ரா உண்மையை எழுதிவிட்டாள். 'நான் ஆறரை மணிக்கு எழுந்திருப்பேன். பல் துலக்குவேன். இட்லி சாப்பிடுவேன். ஏழரை மணிக்கு என் அப்பா என்னைத் திட்டுவார். என் அக்கா எழுதிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை திட்டு கிடையாது.'

மறுநாளே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். "ஸ்ட்ராங்காக்கச் சொன்னதே நீங்கதானே" என்று பைக்கில் போகும்போதே ஒத்திகை பார்த்தேன். அறையில் தலைமையாசிரியரான சிஸ்டர், பக்கத்தில் வகுப்பு மிஸ், எதிரே என் பிள்ளைகள் இரண்டு பேரும். சிஸ்டர் கட்டுரையை வாய்விட்டுப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை வரி வந்தபோது எனக்கே காது சுட்டது. "பச்சப் புள்ளய டைம்டேபிள் போட்டா சார் திட்டுறது?" என்று ஆரம்பித்தார். குரல் உயரவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு கயலைப் பார்த்து, "தங்கச்சி அழுவுறா, சரி. நீ அழவே மாட்டியாம்மா?" என்றார்.

"அழுவேன் சிஸ்டர். பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுவேன்."

மணி கேட்டால் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அந்தத் தாளும் அதிலிருந்த இருபதும் கண் முன்னால் வந்து நின்றன. எந்த மோட்டார் எவ்வளவு லோடு தாங்கும் என்று பார்த்துப் பார்த்துச் செம்புக் கம்பி சுற்றுகிறவன் நான். சத்தம் வரவில்லை என்பதற்காக இந்தப் பிள்ளை மேல் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் எங்கே போனதோ, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டேன். தண்ணீர் கொண்டு வந்த ஆயாம்மா டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டார். (ஊருக்குச் செய்தி போன வழி அதுதான்.)

மித்ரா எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதோடுதான் பேசினாள்.

"மெதுவாத் திட்டுங்க சிஸ்டர். அப்பாவுக்கு ட்ரெயினிங் கெடையாது."

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மிஸ், "பாத்தீங்களா சார், நீங்களும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருந்தாத்தானே..." என்று இழுத்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "முடியாது மிஸ். இவ அழுவா. அழுதுக்கிட்டே எனக்காக ஒங்க சிஸ்டர்கிட்டயே பேசுனாள்ல, இதுக்கு மேல என்ன ஸ்ட்ராங்கு வேணும்? அழுது முடிச்சு மொகம் கழுவிட்டு வர ரெண்டு நிமிஷம் குடுங்க, போதும். பெரியவ அழலங்கிறதுக்காக அவளுக்கு வலிக்கலன்னு நெனைக்காதீங்க. நானும் நெனைக்க மாட்டேன்."

சிஸ்டர் திரும்பி, "ரெண்டு நிமிஷம் குடுக்கலாம் மிஸ்" என்றார்.

வயிற்றுவலி ஒரே நாளில் நிற்கவில்லை. குழாயடிக்குப் போய்வர அனுமதி உண்டு என்று தெரிந்த பிறகு மெல்ல மெல்ல நின்றது. மித்ரா இன்றைக்கும் அழுகிறாள். லீவு போடுவதில்லை. கடையில் மோட்டார் இன்னும் ரெடியாகவில்லை என்று யாராவது என்னிடம் கத்தினால், எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும்: "மெதுவாத் திட்டுங்கண்ணே, அவருக்கு ட்ரெயினிங் கெடையாது!" கத்தியவரும் சிரித்துவிடுவார். எனக்கு லாபம்தான்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த செல்வியின் அண்ணன் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். கயல் பள்ளி விட்டு வந்தாள். கோகோ டீமில் அவள் பெயர் வரவில்லையாம். பையை வீசி எறிந்துவிட்டு, ஹாலில் எல்லோருக்கும் நடுவே கால் நீட்டி உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"என்ன மாப்ள இது? இது ஸ்ட்ராங்கான புள்ளயாச்சே!" என்றார் அவர்.

"ஆமா மச்சான்" என்றேன். "அதான் ஹால்லயே அழுவுது."