தவசு மரத்தடியில் நான் மடியேந்திய கதை

கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் அது வேறொன்றாகத்தான் தெரியும். வேஷக்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்றால் அது மலை. அதே பெஞ்சை இரண்டு சுற்றுச் சுற்றினால் காடு வந்துவிடும். துண்டைச் சுருட்டிக் கையில் ஏந்தினால் குழந்தை. அந்தத் துண்டுக்குக் காய்ச்சல் என்று ஒரு பாட்டுப் பாடிவிட்டால் போதும், முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். "அது துண்டுதானே" என்று ஒருத்தரும் எழுந்து கேட்டதில்லை. செங்கல்பட்டுக் கொட்டகையில் சினிமா பார்த்தாலும் அப்படித்தான். இரண்டு பூக்கள் காற்றில் முட்டிக்கொள்ளும், அடுத்த காட்சியில் தொட்டில் ஆடும். (எங்கள் வீட்டு வாசலிலும் செம்பருத்தி இருந்தது. அதுவும் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. தொட்டில்தான் வரவில்லை.)

நான் எட்டாவது வரை படித்த விவசாயி. ஆனாலும் சொல்லாமல் சொல்வதைப் புரிந்துகொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு திருவிழா நாளில், ஊர் கூடியிருக்கும்போது, அந்த நினைப்பு ஓர் எலுமிச்சம்பழத்தின் அடியில் நசுங்கிப் போனது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பாறையில் ஒருவர் ஒற்றைக்காலில் தவசு நிற்கிறாரே, அந்தக் கதையை அம்மன் திருவிழாவில் கூத்தாக நடத்துவார்கள். கோயில் வெளியில் உயரமான பனைமரத்தை நட்டு, படிகள் அடித்து, உச்சியில் ஒரு பலகை கட்டுவார்கள். வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவார். பிள்ளையில்லாத பெண்கள் குளித்து, ஈரத்தோடு மரத்தைச் சுற்றி நிற்பார்கள். அவர் உச்சியிலிருந்து பூவும் திருநீறும் தூவுவார், கடைசியில் எலுமிச்சம்பழம் எறிவார். முந்தானையில் பழம் விழுந்தவள் அதை அங்கேயே தோலோடு தின்பாள்; அவளுக்கு அந்த வருஷம் பிள்ளை. பழம்தான் பிள்ளை. இதிலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

என் மனைவி பாக்கியம் பல வருஷங்களாக அங்கே நின்றுகொண்டிருந்தாள். குள்ளமானவள், கூச்சக்காரி. பழம் வரும் திசையில் மற்றவர்கள் பாயும்போது இவள் ஒதுங்கி வழிவிடுவாள்.

அந்த வருஷம் கோவளத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காள் ஒரு முடிவோடு வந்து இறங்கினாள். பாக்கியம் அடுப்படியில் இருக்கும்போதே, அவள் காதில் விழும்படி ஆரம்பித்தாள்.

"திருவிடந்தையில ஒரு பொண்ணு கீதுடா. எங்க வூட்டுக்காரருக்கு ஒறமொற. இந்தத் தபா பழம் வுழலைன்னா பேசி முடிச்சுடலாம்."

"இன்னாக்கா பேசற? ஒருத்தி இருக்கச் சொல்லவே..."

"அந்த ஊர்ப் பெருமாளே தெனம் ஒரு கல்யாணம் பண்ணிக்கிறாரு. நீ ரெண்டாவது ஒண்ணு பண்ணிக்கினா இன்னா, வானம் இடிஞ்சா வுழப்போவுது?"

அடுப்படியில் ஊதாங்குழல் சத்தம் நின்றது. பிறகு பாக்கியம் வெளியே வந்து, "அண்ணி, கொஞ்சம் மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்காளை எதிர்த்துப் பேசும் தைரியம் எனக்குக் கிடையாது. (இன்றைக்கும் கிடையாது. அவள் படத்துக்கு முன்னால் கைகட்டித்தான் நிற்கிறேன்.) அதனால் தவசு ஏறப்போகிற முனுசாமியிடம் போய்க் கெஞ்சினேன். அம்மனை ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ஆயிரம் வேலை, ஆளை மட்டும் கொஞ்சம் அடையாளம் காட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"பாக்கியம் பக்கமாப் பாத்துப் போடு முனுசாமி."

"அண்ணாத்த, உச்சியில நின்னா எனக்கு எல்லாப் பொம்பளையும் ஒரே மஞ்சப்புள்ளியாத்தான் தெரியும். எதுனா அடையாளம் சொல்லு."

"அவ பின்னாலயே நின்னுகினு செவப்புத் துண்டு ஆட்டறேன்."

"அப்ப சரி. துண்டைப் பாத்துப் போட்டுடறேன்."

துண்டைப் பார்த்து என்றால் துண்டையேதான் பார்த்துப் போடுவான் என்று எனக்கு உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆண்கள் நிற்கும் இடத்தை விட்டு நைசாக நகர்ந்து பாக்கியத்தின் பின்னால் போய் நின்றேன். தெரிந்தவர்கள் முறைத்தார்கள். நான் வியர்வை துடைப்பதுபோல் துண்டை ஆட்டினேன். முனுசாமி உச்சியில் கைகூப்பிப் பாடிக்கொண்டிருந்தான். கீழே பாக்கியம் கண்ணை மூடி, முந்தானையை விரித்து, அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஈரப்புடவையில் அவள் முதுகு நடுங்குவதைப் பார்த்ததும் எனக்கு நிதானம் தப்பிவிட்டது. ரயிலை நிறுத்துகிறவன் மாதிரி துண்டை வீசினேன்.

பழம் வந்தது. பாக்கியத்தின் தலைக்கு மேலாக நேரே என் மூக்கைக் குறிவைத்து வந்தது. மூக்கைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு கையாலும் துண்டை விரித்தேன். பொத்தென்று அதன் நடுவில் விழுந்தது.

கூத்து நின்றது. மத்தளக்காரன் கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தான். மீசை வைத்த ஓர் ஆண்பிள்ளை, பெண்கள் நடுவில், மடியேந்தி நிற்கிறான். மடியில் பிள்ளை வரம்.

முதலில் ஒருத்தி களுக்கென்றாள். பிறகு ஊரே வெடித்தது.

"யோவ், எப்பய்யா வளகாப்பு?"

"மாங்கா வேணுமா மச்சான்? சாம்பல் வேணுமா?"

நான் பழத்தைப் பாக்கியத்தின் முந்தானையில் போடப் போனேன். பூசாரி கையை நீட்டித் தடுத்தார்.

"யார் மடியில வுழுந்துச்சோ அவங்களுக்குத்தான். மாத்தக் கூடாது."

"சாமி, இது தவறிப்போயி..."

"ஆத்தா தவறிப் போடுவாளா? வேண்டியவங்க மடியிலதான் போடுவா. இத்தினி வருசமா இந்தப் பொண்ணு நின்னுகினு கீது, ஒரு தபாவாவது வுழுந்துச்சா? கொறை அவகிட்ட இல்ல. உங்கிட்ட கீது."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெண்களைத் தவிர வேறு யாரிடமும் அந்தக் குறை இருக்கும் என்று எங்கள் ஊர் அதுவரை நினைத்ததில்லை. என் காது சுட்டது. துண்டு ஆட்டிய விஷயத்தைச் சொன்னால் போதும், என் மானம் திரும்பிவிடும். மரத்தின் மேல் சாட்சி வேறு உட்கார்ந்திருந்தான்.

வாயைத் திறந்தேன். அப்போது பாக்கியத்தைப் பார்த்தேன்.

அவள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் தலை குனியவில்லை. கல்யாணத்தன்று பார்த்த முகம். பழி இறங்கிப் போனால் ஒரு மனுஷியின் உயரம் கூடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டேன். வழக்கப்படி பழத்தைத் தோலோடு கடித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து ஊர் மறுபடி சிரித்தது. பாக்கியம் கையை நீட்டி மீதிப் பாதியை வாங்கித் தானும் தின்றாள்.

அக்காள் அன்றைக்கே கோவளத்துக்குக் கிளம்பிவிட்டாள். திருவிடந்தைப் பேச்சு அதன்பிறகு எடுபடவில்லை. குறையுள்ள மாப்பிள்ளைக்கு எவன் பெண் கொடுப்பான்?

வீட்டுக்கு வரும் வழியில் துண்டு விஷயத்தைப் பாக்கியத்திடம் சொல்லி அழுதேன்.

"பாவம் பண்ணிட்டேன் பாக்கியம். உனுக்கு வரவேண்டியது."

அவள் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "இந்த ஊர்ல எந்த ஆம்பள பொண்டாட்டிக்காக மடியேந்தி நின்னுருக்கான்?" என்றாள். "வுடுங்க. ஆத்தாவுக்குத் தெரியும் எதை எங்க போடறதுன்னு."

பிள்ளை பிறக்கவில்லை. அம்மனிடம் எனக்குக் கோபமும் இல்லை. அவள் கொடுக்க நினைத்தது வேறு ஏதோ, அதற்குப் பழம் ஓர் அடையாளம் என்றுதான் நினைக்கிறேன். அது என்ன என்று முழுதாகச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

கேலி மட்டும் தங்கிவிட்டது. எங்களோடு ஒரே வீட்டில் இருந்த என் தம்பியின் பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் பெரியவள் ஒருநாள் தீர்ப்புச் சொன்னாள்: "பழம் வாங்கினது இவரு. அப்ப இவருதான் பெரியம்மா." பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றுமுதல் வீட்டில் இரண்டு பெரியம்மா. நான் மீசைப் பெரியம்மா. விருந்தாளிகள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதட்டுவதுபோல் நடிப்பேன். பாக்கியம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவள்போல் சிரிப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன் அவள் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று தம்பி மகள் வந்து, தலையைக் குனிந்து, "பெரியப்பா, சாப்பிட வாங்க" என்றாள். மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். எனக்கோ இன்னொரு சாவு விழுந்ததுபோல் இருந்தது.

"இன்னாடி இது புதுசா, பெரியப்பா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். முகம் கோணியது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினாள்.

"மீசைப் பெரியம்மா! சோறு ஆறிப்போவுது, வா!"