டாக்டருக்கு முன்னால் வந்த சக்கரம்

படித்தவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயத்தில் பட்டம் வாங்கிவிட்டால் போதும், மற்ற எல்லா விஷயங்களிலும் பாதிப் பட்டம் தானாக வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். நான் கால்நடை மருத்துவர். மாட்டின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், உள்ளே என்ன அரைகிறது, என்ன அரையவில்லை என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான், என் சொந்த ஜீப்பின் சக்கரம் மூன்று வாரம் ஒப்பாரி வைத்ததைக் கேட்டுவிட்டு, “காத்து சத்தம்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணமான புதிது. சின்ன காஞ்சிபுரத்தில் மாமியார் வீடு. சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாடுகளுக்கு வைத்தியம். இதற்கு ஒரு ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். ஆனால் நான் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். கேட்டவர்களிடம், “மழைக்காலத்துல ஏரிக்கரை சேத்துல ஸ்கூட்டர் போகாது” என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. ஜீப்பிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு குதித்து இறங்கும் டாக்டரம்மா எப்படி இருப்பாள் என்று கற்பனை செய்து பார்த்திருந்தேன். (கற்பனையில் காற்று வேறு அடித்தது. தலைமுடி பறந்தது.)

அந்த வருடம் பாலாற்றில் தண்ணீர் வந்தது. பாலாற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்ததை வீணாக்கக் கூடாதென்று முழங்கால் ஆழத்தில் ஜீப்பை இறக்கி, அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஓட்டினேன். என் கணவர் செந்தில் கரையில் நின்று வீடியோ எடுத்தார். “இன்னொரு தடவை வா, தண்ணி சரியா தெறிக்கல” என்று உற்சாகப்படுத்தியதும் அவர்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவுக்குப் பதினேழு கைதட்டல்.

அதற்கடுத்த வாரம் முன்பக்க வலது சக்கரத்தில் ‘ஊ...’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் முனகல். வேகமெடுத்தால் ஊளை. நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மாமியார்தான் ஒருநாள் வாசலில் நின்றபடி, “சுமதி, உன் வண்டி அழுவுதும்மா” என்றார்.

வேறு வழியில்லாமல் வாலாஜாபாத்தில் காதர் பாய் கடைக்குப் போனேன். பாய் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பல்லில்லாத வாயில் ஆடும் கடைசிப் பல் மாதிரி அது ஆடியது.

“பேரிங் போயிடுச்சும்மா. தண்ணியில வுட்டீங்களா?”

“ஐயோ, இல்ல பாய்.”

அவர் சக்கரத்தின் நடுவிலிருக்கும் குடத்தைத் திறந்தார். உள்ளே அச்சைச் சுற்றிச் சின்னச் சின்ன இரும்பு உருளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றுவது அந்த உருளைகளின் தயவால்தான். பாய் விரலில் கொஞ்சம் கிரீஸை வழித்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். பில்டர் காபி நிறத்தில் இருந்தது.

“நான் வெக்கிற கிரீஸு செவப்பா இருக்கும். இது காபியாட்டம் இருக்குது. இதுல பால் ஊத்துனது யாரும்மா, பாலாறா?”

நான் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தது. புது பேரிங் சென்னையிலிருந்து வர நான்கு நாளாகும் என்றார். அதுவரைக்கும் பழையதையே கழுவி, புது கிரீஸ் வைத்து, பெரிய நட்டை முதலில் இறுக்கி, பிறகு கொஞ்சம் இளக்கிவிட்டார். அந்த நட்டு திரும்பாமலிருக்க ஒரு தகட்டு வாஷரை வைத்து, அதன் விளிம்பை நட்டின் மேல் மடக்கினார்.

“வீட்டுக்குப் போயி நிறுத்திடுங்க. வெளிய எடுக்காதீங்க. நட்டத் தொடாதீங்க. அது கொஞ்சம் மூச்சு வுடணும்.”

வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். ஒரு மயிரிழை ஆடியது. எனக்குப் பொறுக்கவில்லை. தையல் போட்டுப் பழகிய கை இது. தளர்வான தையலை எந்த டாக்டர் விட்டுவைப்பாள்? போனில் ஒரு வீடியோ பார்த்தேன். (பாதிதான் பார்த்தேன். மீதிப் பாதியில் அந்த ஆள் ஏதோ எச்சரித்துக்கொண்டிருந்தான், தள்ளிவிட்டேன்.) ஜீப்போடு வந்த பெரிய ஸ்பேனரை எடுத்து, குடத்தைத் திறந்து, கழற்றிய சாமான்களைப் பூ கட்டிக்கொண்டிருந்த மாமியார் பக்கத்தில் ஒரு தாளில் பரப்பி, நட்டின் மேல் என் முழு எடையையும் போட்டு இறுக்கினேன். ஆட்டம் நின்றது. மறுநாள் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தால் ஊளையும் இல்லை. காதர் பாய்க்கே பாடம் எடுக்கலாம் என்று தோன்றியது.

அன்று மாமியார் திருப்புட்குழிப் பெருமாள் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். “சும்மா கும்புட்டு வரலாம்மா.” அங்கே தாயாருக்கு வறுத்த பயறு வைத்து வேண்டிக்கொண்டால் அது முளைவிடும், பிள்ளை பிறக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. பூக்கூடைக்குள் ஒரு பயறுப் பொட்டலத்தை அவர் ஒளித்து வைத்ததை நான் பார்க்காதது போல் பார்த்தேன். பட்டுப்புடவையில் அவர் முன்சீட்டில் ஏறி உட்கார, ஜீப் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. அந்தப் பக்கத்துக் கிராமத்து முருகேசன். என்னிடம் வழக்கமாக வைத்தியம் பார்ப்பவர்.

“டாக்டரம்மா, மாடு காலையிலருந்து முக்கிக்கினு இருக்குது. ஒரு காலுதான் வெளிய தெரியுது. சீக்கிரம் வாங்கம்மா, பயமா இருக்குது.”

ஒரு கால் என்றால் இன்னொரு கால் உள்ளே மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். நேரம் போகப் போகக் கன்றும் போகும், மாடும் போகும். நான் மாமியாரைப் பார்த்தேன். “பாக்கறியே, ஏறு” என்றார்.

ஏரிக்கரை மண்பாதையில் விட்டேன். பாதி தூரத்தில் மாமியார் மூக்கை உறிஞ்சினார்.

“எண்ணச் சட்டி தீயிற வாசன வருது.”

“எங்கனா குப்ப எரிப்பாங்க அத்த.”

“குப்ப நம்ம கூடவே வருதே.”

எட்டிப் பார்த்தேன். வலது முன்சக்கரத்தின் நடுவிலிருந்து, அகர்பத்தி ஏற்றியது மாதிரி ஒரு புகை. நிறுத்தி, இறங்கி, குடத்தைத் தொட்டேன். சுட்டதில் நான் போட்ட சத்தம் கேட்டு, ஏரிக்குள் நூறு நாள் வேலையில் மண் வெட்டிக்கொண்டிருந்த முப்பது பெண்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறி வந்துவிட்டார்கள்.

முப்பது பேர் சுற்றி நிற்கும்போது, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது எனக்கு அன்று இல்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினேன். மருந்துப்பையைத் திறந்தேன். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டி, சூடான குடத்தின் மேல் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்து, அதன் மேல் அழுத்தினேன்.

“அத்த, சக்கரத்த மெதுவா சுத்துங்க.”

மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ராட்டை சுற்றுவது போல இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றினார். உள்ளே சரளைக்கல்லை மிக்சியில் போட்டது போலக் கேட்டது. நான் கண்ணை மூடித் தலையாட்டினேன்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல். “எத்தினி மாசம் டாக்டரம்மா?”

ஏரி முழுக்கச் சிரித்தது. மாமியாரும் சிரித்துவிட்டார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் காதர் பாய் சொன்ன ‘மூச்சு’ நினைவுக்கு வந்தது. நான் இறுக்கிய இறுக்கில்தான் அது மூச்சுமுட்டிச் சூடேறியிருக்கிறது. நட்டை இளக்கினேன். பயத்தில், மூச்சென்ன, கொட்டாவியே விடும் அளவுக்கு இளக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். உள்ளே கிரீஸ் கருகித் தார் ஆகியிருந்தது. புதிதாக வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? மாட்டு மடி வெடிப்புக்குப் போடும் களிம்பு இரண்டு டப்பா. பிரசவத்தின்போது வழுவழுப்புக்கு ஊற்றும் பாரபின் எண்ணெய் ஒரு பாட்டில். எல்லாவற்றையும் அதற்குள் அப்பினேன், ஊற்றினேன்.

“நடங்கம்மா, பொடி நடையா போயிடலாம்” என்றாள் ஒரு அம்மாள். அவள் சொன்னதுதான் அன்று அந்த ஏரிக்கரையில் பேசப்பட்ட ஒரே அறிவுள்ள பேச்சு. நான் ஜீப்பில் ஏறினேன்.

முருகேசன் வீட்டுக் கூரை தெரிந்தது. கரையிலிருந்து சரிவாக இறங்கும் பாதை. “பாத்தீங்களா அத்த” என்று ஆரம்பித்தேன். அப்போது எங்களுக்கு வலதுபக்கம் ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போனது. அது யாருடைய சக்கரம் என்று ஒரு கணம் யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். மாமியார், “நம்புளுதுதாம்மா” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் வலது பக்கமாகச் சரிந்து, மண்ணை உழுதுகொண்டே போய் நின்றது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை. மாமியார் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் பூக்கூடையையும் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

சக்கரம் சரிவில் இறங்கி, வாத்துகளைக் கலைத்து, முருகேசன் வீட்டு வைக்கோல் போரில் முட்டி விழுந்தது. வாசலில் எனக்காகக் காத்திருந்த முருகேசன் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னது எங்களுக்கே கேட்டது.

“சக்கரம் வந்துடுச்சு செல்வி. டாக்டர் பின்னால வராங்க போல.”

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதுவரை நடந்தது சிரிப்பு. தொழுவத்துக்குள் நுழைந்ததும் சிரிப்பு போய்விட்டது. மாடு கால் நீட்டிப் படுத்து, கண் சொருகிக் கிடந்தது. தலையீற்று. நான் சட்டைக் கையை மடித்ததும் செல்வி என் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை கரி.

“இந்தக் கையையா உள்ள வுடப்போறீங்க?”

மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவினேன். பையில் பாரபின் பாட்டிலைத் தேடியபோதுதான் உறைத்தது. அது ஏரிக்கரையில் ஒரு செத்த பேரிங்குக்குள் போய்விட்டது. உள்ளே கன்று உலர்ந்து ஒட்டிக்கிடந்தது. வழுவழுப்பு இல்லாமல் கையை நுழைத்தால் மாடு கிழிந்துவிடும். ஜீப்பும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்திருந்தால் அரை மணி நேரத்துக்கு முன்பே, மருந்தோடு, சுத்தமான கையோடு வந்திருப்பேன். அந்த மாட்டின் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“அத்த, எண்ண ஏதாச்சும்...” என்றேன்.

மாமியார் பின்னாலேயே ஓடிவந்திருந்தார். கூடையிலிருந்து, கோயில் விளக்குக்கு ஊற்றியது போக மீதியிருந்த நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து என் கையில் கவிழ்த்தார். செல்வி தன் பங்குக்கு அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்தாள்.

மடங்கிய காலைத் தேடிப் பிடித்து, குளம்பை உள்ளங்கையால் மூடி, மெதுவாக நிமிர்த்தினேன். கயிற்றைக் கட்டினேன். முருகேசன் இழுத்தார், செல்வி இழுத்தாள், பட்டுப்புடவையோடு என் மாமியாரும் இழுத்தார். “இப்ப இழுங்க, இப்ப வுடுங்க” என்று நான் சொன்னதை அன்று முதல் தடவையாக எல்லோரும் கேட்டார்கள். சளக்கென்று ஒரு கிடேரிக் கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தேன். ஒரு தும்மல் தும்மியது. தாய் மாடு தலையைத் திருப்பி நக்க ஆரம்பித்தது. நான் சாணியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து, கூடையைத் துழாவி, பளபளவென்று ஒரு இரும்புத் தகட்டை எடுத்தார்.

“சுமதி, இது உன்னுதா பாரு. நேத்து தாள்ல மிஞ்சிச்சு. மினுமினுன்னு இருந்துச்சேன்னு கூடையில போட்டு வெச்சேன்.”

தகட்டு வாஷர். நட்டைப் பிடித்து வைத்திருக்கவேண்டிய அதே வாஷர், தாயார் சன்னிதியில் பயறோடு சேர்ந்து அர்ச்சனையே வாங்கிவிட்டு வந்திருந்தது.

நான் போன் செய்ததில் மதியம் காதர் பாய் வந்தார். விழுந்த குடத்தைத் தூக்கி மோந்து பார்த்தார்.

“இது இன்னா கிரீஸும்மா? வாசனையா இருக்குது.”

“மாட்டு மடிக்குப் போடற களிம்பு பாய்.”

அவர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்ட ஊராருக்கெல்லாம் முருகேசன், “பேரிங் போச்சாம்” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். கடைசியில் செல்விதான், “அங்க போன பேரிங்கு இங்க வந்து பொறந்துருக்குது” என்றாள். கன்றுக்கு அதுவே பேராகிவிட்டது.

வருடங்கள் ஓடிவிட்டன. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பயறு முளைத்ததால் என்கிறார் மாமியார். வாஷர் முளைத்ததால் என்கிறார் செந்தில். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள்கூட, “நீங்கதானே அந்த...” என்று இழுத்து, கையால் காற்றில் ஒரு சக்கரத்தை உருட்டிக் காட்டுவார்கள்.

போன மாதம் காதர் பாய் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற. முருகேசன் போன் செய்தார். கை அழுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“டாக்டரம்மா, பேரிங்கு காலையிலருந்து ஒரே சத்தம் போட்டுக்கினு இருக்குது. கொஞ்சம் வந்து பாருங்க.”

ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்த காதர் பாய், தலையை வெளியே நீட்டாமலே குரல் கொடுத்தார். “என்ன மாடலுன்னு கேளுங்கம்மா.”

“மாடுங்களா?” என்றார் முருகேசன். “ஜெர்சி கலப்புதான் பாய். மூணாவது ஈத்து.”