மாஸ்டர் நிறுத்திய பஸ்

உலகத்திலேயே பஸ்ஸுக்குக் கைகாட்டிவிட்டு, பஸ் நின்றதும் பயந்துபோன ஒரே சட்டமன்ற உறுப்பினர் எங்கள் மாஸ்டர்தான்.

அரசியலுக்கு வரும்முன் அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எம்.எல்.ஏ. ஆன பிறகும் தொகுதியில் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. அவருடைய அலுவலகத்தில் மனுக்களை டைப் அடிப்பதுதான் என் வேலை. மூன்று வருடம் அடித்தேன். அதில் பதினாறு நாள் பஸ்ஸில் அடித்தேன்.

தொகுதி நிதியில் மாஸ்டர் அவிநாசி சாலையோரம் ஒரு நிழற்குடை கட்டியிருந்தார். கிரானைட் பெஞ்சு, மின்விசிறி, செல்போனுக்குச் சார்ஜ் போட வசதி எல்லாம் உண்டு. நிழற்குடைக்குப் பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருத்தம். பஸ் மட்டும் அங்கே நிற்காது. இருநூறு அடி தள்ளி, பழைய இடத்தில்தான் நிற்கும்.

ஒருநாள் சரோஜாக்கா அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்துப் பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. வலது கையில் மாவுக்கட்டு. மழைக்கு நிழற்குடையில் ஒதுங்கியவர், தூரத்தில் பஸ் நின்றதைப் பார்த்து ஓடி, வழுக்கி விழுந்திருக்கிறார். கை சேரும்வரை வேலைக்குப் போக முடியாது. ஆனாலும் அவர் கோபப்படவில்லை.

"நெழக்கொடை நல்லாத்தான் இருக்குதுங்க. பஸ்ஸுதான் அங்க வர்றதில்லீங்க" என்றார்.

மாஸ்டர் அந்த மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, "தப்பு என்னுதுங்க. வெட்டிப்போட்டு அப்பறமா அளந்துட்டேன்" என்றார்.

உடனே போக்குவரத்துக் கழக அதிகாரிக்குப் போன் போட்டார். அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினார். புதிய இடத்தில் பயணிகள் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால் அங்கே பஸ் நிற்க உத்தரவு போட்டுவிடலாமாம். பஸ் நின்றால்தானே ஏறுவார்கள் என்று மாஸ்டர் கேட்டார். அதற்கும் அவர் மரியாதையாக ஆமாம் என்றார்.

மறுநாள் காலையில் அலுவலகத்து மேஜை, நாற்காலி, நான், என் லேப்டாப் எல்லாம் நிழற்குடைக்கு இடம் மாறினோம். மனு கொடுக்க வருகிறவர்கள் அங்கே கூடுவார்கள், கூட்டத்தைப் பார்த்தால் பஸ் தானாக நிற்கும் என்பது மாஸ்டரின் கணக்கு. பத்து மணிக்குள் முப்பது பேர் சேர்ந்தார்கள். பஸ் வந்தது. மாஸ்டர் சாலையில் இறங்கிக் கை நீட்டினார். பஸ் நின்றேவிட்டது.

யாரும் அசையவில்லை. எல்லோரும் மனுவோடு மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"ஏறறீங்களா, இல்லீங்களா?" என்றார் கண்டக்டர்.

நிறுத்திய பஸ்ஸில் ஏறாவிட்டால் அது மோசடி என்று மாஸ்டருக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் வெளிறி, கையில் அகப்பட்ட மூன்று பேரை இழுத்துக்கொண்டு தாவி ஏறினார். பின்னாலேயே நான். அவிநாசி போய்ச் சேர்வதற்குள் மூன்று மனுக்களையும் விசாரித்து முடித்தார். எதிர்ப் பஸ்ஸில் திரும்பி வந்தோம். நிழற்குடையில் அடுத்த மூன்று பேர் தயாராக நின்றார்கள்.

அன்று முதல் அதுவே நடைமுறை ஆயிற்று. பஸ்ஸுக்கு மூன்று மனு. முதியோர் பென்ஷன் கேட்டு வந்த பெரியவர் ஒருவர் அவிநாசிக் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, பென்ஷனை மறந்து பிரசாதத்தோடு திரும்பினார். தெருவிளக்கு கேட்டு வந்த ஒருவர் பட்டு வேட்டியில் இருந்தார். அவிநாசியில் மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற வழியில் தெருவிளக்கும் ஞாபகம் வந்ததாம். விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லவந்த பீகார்ப் பையன்கள் இருவர், இந்த ஊரில் எம்.எல்.ஏ.வைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணி, மாஸ்டருக்கும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். நானோ வளைவுக்கு வளைவு எழுத்துப்பிழையாக அடித்துக்கொண்டிருந்தேன். 'சாக்கடை அடைப்பு' ஒருமுறை 'சாக்லெட் அடைப்பு' என்றே மேலிடத்துக்குப் போய்விட்டது. அந்தச் சாக்கடையைத்தான் முதலில் சரிசெய்தார்கள்.

பதினேழாம் நாள், பயணிகளை எண்ண அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்கென்று பார்த்து விடியற்காலையிலிருந்தே கொட்டும் மழை. மனு கொடுக்க ஒருவர்கூட வரவில்லை. பெஞ்சில் மாஸ்டரும் நானும்தான். அதிகாரி ஜீப்புக்குள் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எங்கள் இருவரையும் எண்ணினார்.

"வேலையெல்லாம் வீணாப்போச்சு கண்ணு" என்றார் மாஸ்டர். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதேயில்லை.

அப்போது பழைய நிறுத்தத்தின் பக்கமிருந்து குடைகள் வந்தன. மாவுக்கட்டுக் கையோடு சரோஜாக்கா முன்னால். அவருக்குப் பின்னால், கம்பெனி வாசலுக்கே போய் அவர் கூட்டிவந்த, இரவு ஷிப்ட் முடிந்த செக்கிங், பேக்கிங் பெண்கள் நாற்பது பேருக்குக் குறையாது. வழக்கமான இடத்தை விட்டு அத்தனை பேரும் நனைந்துகொண்டே இருநூறு அடி நடந்து வந்திருந்தார்கள். மாஸ்டர் எழுந்து பெஞ்சைக் காலி செய்தார்.

பஸ் நின்றது. பெண்கள் ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மாஸ்டர் படியில் கால் வைத்தபோது, இடமில்லை என்று கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். எம்.எல்.ஏ.வை மழையில் விட்டுவிட்டுப் பஸ் போயிற்று. அவர் நடுரோட்டில் நின்று கைதட்டினார்.

உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மாதமே எனக்கு ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. மாஸ்டரிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சந்தோஷமாகப் போய்வரச் சொன்னார்.

புது வேலையின் முதல் நாள் காலை எட்டு மணிக்கு அதே நிழற்குடைக்குப் போனேன். மாஸ்டர் தூணோரம் தனியாக நின்றிருந்தார்.

"சும்மாதான் கண்ணு. பஸ்ஸு நிக்குதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

பஸ் நின்றது. நெரிசலில் எப்படியோ உள்ளே நுழைந்து, இரண்டு முழங்கைகளுக்கு நடுவே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உட்கார இடம் கிடைத்ததா என்று கீழேயிருந்து கையால் கேட்டார்.

ஒற்றைக் காலில் நின்றபடி, கிடைத்துவிட்டது என்று தலையாட்டினேன்.